பத்துக்கு எத்தனை

ஜுபைல். கேம்ப் கிளினிக். இரவு எட்டரை.
பஸ் இறக்கிவிட்ட சிமெண்ட் வாடை
ஷூ கழற்றாமல் வரிசையில் நிற்கிறது.
டாக்டர் உஸ்மான் சூடான்காரர்.
அவருக்குத் தமிழ் தெரியாது. தவசிலிங்கத்துக்கு
அதைத் தவிர எதுவும் தெரியாது.
நடுவில் நான், நர்ஸ்.
பிரஷர் பார்க்கவும் வலியைப் பெயர்க்கவும்
எனக்கு ஒரே சம்பளம்.

‘இடுப்பு கடுக்குது சார்.
குனிஞ்சா சுள்ளுங்குது, நிமுந்தா இழுத்துப் புடிக்குது,
படுத்தா உளைச்சல்.
முட்டிக்குள்ள எறும்பு பூந்த மாதிரி ஒரே குடைச்சல்.’

கடுப்பு, சுள், இழுப்பு, உளைச்சல், குடைச்சல்.
ஐந்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி
‘அலம்’ என்றேன் அரபியில்.
டாக்டர் தலையாட்டினார்.
பத்துக்கு எத்தனை என்று கேள், என்றார்.

தவசிலிங்கம் கம்பி கட்டுகிறவர்.
ஒரு நாளைக்கு ஆயிரம் முடிச்சு,
எல்லாம் கணுக்கால் உயரத்தில்.
எண்ணுவது பழக்கம்தான்.
கூரையைப் பார்த்தார். விரலை மடக்கினார்.
‘எட்டு.’
மாத்திரை போட்டால்?
‘ஏழு. சோறு தின்னுட்டுப் போட்டா
ஆறேமுக்கா.’

டாக்டர் பேனாவை மூடிச் சிரித்தார்.
பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் கூட்டிக் கழித்ததும்
ஏறக்குறைய இவ்வளவுதானாம்.

ஒன்றேகால் என்றால் எவ்வளவு?
தானாகக் குனிந்து லேஸ் கட்டலாம்.
கக்கூஸில் குழாயைப் பிடிக்காமல் எழலாம்.
மேல் கட்டிலில் ஏறிவிடலாம்;
இறங்குவதற்கு இன்னொரு மாத்திரை வேண்டும்.
வயிறு தன் பங்குக்குத்
தனி நோட்டில் பற்று எழுதிக்கொண்டிருக்கும்.
சிறுநீரகம் வாய் திறக்காது,
வெயிலில் தண்ணீரைக் குறைத்துக் குடித்த நாளெல்லாம்
நினைவில் வைத்திருக்கும்.

வெளிக்கிக் கறுப்பா போகுதா, கேட்டேன்.
‘அதெல்லாம் எங்க சார் பாக்குறது?
வெளிய பத்துப் பேரு கதவத் தட்டுறான்.’

பிறகு குரலை இறக்கினார்.
டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்து இறக்கினார்.
போன வாரம் அட்டை தீர்ந்துவிட்டதாம்.
விளக்கணைத்த அறையில் நேபாளி தில்பகதூர்
பைக்குள் துழாவி ஒரு மாத்திரை கொடுத்தானாம்.
விழுங்கி அரைமணியில்
இடுப்பு யாரோ பிடித்துவிட்ட மாதிரி இளகி
நல்ல தூக்கமாம்.
விடிந்து அட்டையைப் பார்த்தால்
வாய்ப்புண்ணுக்கு அவன் போடுகிற வைட்டமின்.

‘அன்னைக்கு எத்தனை?’
வெட்கப்பட்டார். ‘ஏழேகால்.’

இதை நான் பெயர்க்கவில்லை.
அந்த அரையை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.
கேட்க வேண்டும் போல இருந்ததால் கேட்டேன்:
வெள்ளிக்கிழமை எத்தனை?

‘நாலு’ என்றார், யோசிக்காமல்.
‘மத்தியானம் வரைக்கும் படுத்துக்கெடந்தா மூணு.’

இதைப் பெயர்த்தேன்.
டாக்டர் கொஞ்ச நேரம் ஏசியின் இரைச்சலைக் கேட்டார்.
மூன்று நாள் ஓய்வு என்று எழுதிக் கிழித்து நீட்டினார்.

தவசிலிங்கம் சீட்டைத் தொடவில்லை.
‘மூணு நாள் போனா ஓவர்டைம் போச்சு சார்.
மகளுக்கு ஃபீஸ் கட்டுற மாசம்.
அந்த ஆறேமுக்காவே போதும்னு சொல்லுங்க.’

டைக்ளோஃபெனாக், பத்து.
வயிற்றுக்குத் தனியாக ஐந்து.
‘சாப்பிட்ட பிறகு’ என்று அட்டையின் முதுகில்
தமிழில் பெரிதாக எழுதினேன்.
கறுப்பா போனா அன்னைக்கே வாங்க, என்றேன்.
சரி சார், சரி சார்.
வாசலில் இரண்டே படி.
பக்கவாட்டில் திரும்பி
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து
இறங்கிப் போனார்.

அந்த ஓய்வுச் சீட்டு இன்னும் மேசையில் கிடக்கிறது,
ஸ்டெதாஸ்கோப்புக்கு அடியில், ஏசிக் காற்றில் படபடத்துக்கொண்டு.
காலையில் ஸ்ட்ரெச்சர் தூக்கியதிலிருந்து
எனக்கும் இடது பக்கம் ஒரு வெட்டு.
அதே டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து
ஆறிப்போன சுலைமானியில் விழுங்கினேன்,
வெறும் வயிற்றில்.

டோக்கன் நாற்பத்தொன்று.
தோள்பட்டை.